40 டிகிரி வெயிலை விட 32 டிகிரி ஏன் கொடுமை?

ரெண்டு ஊர். ஒண்ணுல 40 டிகிரி செல்சியஸ், இன்னொண்ணுல 32. எங்க இருக்கப் போறீங்கன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு 32ன்னு சொல்வீங்க. கொஞ்சம் பொறுங்க. அந்த 40 டிகிரி ஊர் கடலையே பார்க்காத வறண்ட உள்நாட்டு ஊர், ஈரப்பதம் 15 சதவீதம். 32 டிகிரி ஊர் கடலோரம், ஈரப்பதம் 75 சதவீதம். ‘வெப்பக் குறியீடு’ன்னு ஒரு கணக்கு இருக்கு. 1979-ல ராபர்ட் ஸ்டெட்மன் செஞ்ச ஆராய்ச்சியில இருந்து வந்தது. நிழல்ல நிக்கிற உடம்புக்கு எத்தனை டிகிரி மாதிரி தெரியும்னு சொல்லும். அதுல போட்டா 40 டிகிரி ஊர் 38 ஆகுது. 32 டிகிரி ஊர் 42 ஆகுது!

நமக்கு இது புதுசா என்ன? அனல் வேற, புழுக்கம் வேறன்னு தமிழ்ல தனித்தனி வார்த்தையே இருக்கே. அனல்ல தோல் காயும், புழுக்கத்துல சட்டை நனையும். இன்னிக்கு நம்ம ஹீரோ அந்தப் புழுக்கம்தான். சரி, வில்லன்.

முதல்ல ஸ்கூல் பாடம், ஓட்டமா முடிச்சிடுறேன். தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கணும்னா, அதே எடை காஞ்ச மண்ணுக்கு ஆகுறதைப் போல நாலஞ்சு மடங்கு வெப்பம் வேணும். மண்ணுல வெயில் மேலாகவே நின்னுடும். கடல்ல பல மீட்டர் உள்ள இறங்கும், அலை அதைக் கலக்கி விடும், ஆவியாகுறதுக்கும் ஏகப்பட்ட வெப்பம் செலவாகும். அதனால நிலம் சட்டுன்னு கொதிச்சு சட்டுன்னு ஆறும், கடல் எதுக்கும் அசையாது. பகல்ல கடல்காத்து, ராத்திரி நிலக்காத்து. பாடம் முடிஞ்சது.

இப்போ எனக்குப் பிடிச்ச ஜோடி. சைபீரியாவுல யாகூட்ஸ்க், அட்லான்டிக் நடுவுல ஃபாரோ தீவுகளோட டோர்ஷாவ்ன். ரெண்டும் கிட்டத்தட்ட 62 டிகிரி வடக்கு அட்சரேகை, அதாவது வருஷம் பூரா சூரியன் ரெண்டு ஊருக்கும் ஒரே உயரத்துலதான் வந்து போகுது. டோர்ஷாவ்ன்ல ஜனவரி சராசரி 4 டிகிரி பக்கம், ஜூலை 11 பக்கம். யாகூட்ஸ்க்ல ஜூலை 19, 20 இருக்கும். ஜனவரி? மைனஸ் 38 பக்கம்! ஒருத்தருக்கு வருஷத்துல ஏழு டிகிரி வித்தியாசம், இன்னொருத்தருக்கு அம்பத்தெட்டு. அதே சைபீரியாவுல வெர்கோயான்ஸ்க்னு ஒரு ஊர். 1892-ல மைனஸ் 68 பக்கம் போச்சு, 2020 ஜூன் 20 அன்னிக்கு பிளஸ் 38 தொட்டுச்சு. தண்ணி உறையறதுல இருந்து கொதிக்கிறது வரைக்குமே 100 டிகிரிதான்யா!

சரி, புழுக்கத்துக்கு வருவோம். இங்க எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. வானிலைச் செய்தியில சொல்ற ‘ஈரப்பதம் 80 சதவீதம்’ங்கிற எண்ணை நம்பவே கூடாது. அது காத்துல எவ்ளோ ஈரம் இருக்குன்னு சொல்றதில்ல. அந்த வெப்பநிலையில காத்து தாங்கக்கூடிய ஈரத்துல எத்தனை பங்கு நிரம்பியிருக்குன்னு சொல்லுது. சூடான காத்து அதிகமா தாங்கும். விடிகாலை 22 டிகிரியில 80 சதவீதம் காட்டுற உள்நாட்டு ஊரை எடுத்துக்கோங்க. மத்தியானம் 40 டிகிரி ஆகும்போது அதே காத்து 30 சதவீதத்துக்கும் கீழ காட்டும். ஒரு சொட்டு ஈரம் கூடக் குறையல, பாத்திரம்தான் பெருசாச்சு!

நீங்க பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது dew point. காத்தைக் குளிரவெச்சுக்கிட்டே போனா எந்த வெப்பநிலையில ஈரம் பனித்துளியா இறங்க ஆரம்பிக்குமோ, அதுதான் பனிநிலை. இது 13-க்குக் கீழன்னா சுகம். 18 தாண்டினா கசகசப்பு. 24 தாண்டினா ஃபேன் முன்னாடி உட்கார்ந்தும் புலம்பல்தான். நம்ம 40 டிகிரி ஊர்ல பனிநிலை வெறும் 8 பக்கம், 32 டிகிரி ஊர்ல 27!

உடம்பு ஆறுறது வேர்வை வழியுறதால இல்ல, அது ஆவியாகுறதால. வறண்ட காத்துல வேர்த்ததே தெரியாது, வந்த வேகத்துல பறந்துடும். ஜம்முன்னு இருக்கேன்னு தண்ணி குடிக்காம இருந்து மயங்கி விழுறதும் அங்கதான், கவனம். கடலோரக் காத்துல ஏற்கனவே கூட்டம் ஜாஸ்தி, வேர்வைக்கு இடமில்ல, வழிஞ்சு வீணாப்போகுது. ஏர் கூலர் கதையும் இதேதான். 40 டிகிரி வறட்டுக் காத்தை 25 பக்கம் இறக்கிடும். கடலோரத்துல ஓடவிட்டா மூணு நாலு டிகிரி குறைச்சுட்டு, புழுக்கத்தை இன்னும் ஏத்தி விடும். ராத்திரியும் நிம்மதி கிடையாது. வெப்பநிலை பனிநிலையைத் தாண்டிக் கீழ இறங்கறது கஷ்டம், ஏன்னா துளி உருவாகும்போது வெப்பம் வெளிய வரும். பாலைவனத்துக்காரர் போர்வை தேடும்போது கடலோரத்துக்காரர் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருப்பார்.

இதோட உச்சம் சவுதி அரேபியாவோட தஹ்ரான். 2003 ஜூலை 8, வெப்பநிலை 42, பனிநிலை 35! நம்ம தோலோட சூடே 35 பக்கம்தான். வேர்வை ஆவியாக வழியே இல்ல. பக்கத்துல இருக்கிற பாரசீக வளைகுடாவோட சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான், கோடையில கடலே வெந்நீர் மாதிரி ஆகிடுது.

அப்போ கடலோரம்னாலே இப்படியா? இல்ல. காத்து எந்தப் பக்கமிருந்து வருதுங்கிறதுதான் முக்கியம். ரஷ்யாவோட கிழக்குக் கோடியில இருக்கிற விளாடிவோஸ்டாக்கும் பிரான்ஸோட நீஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, ரெண்டும் கடலோரம். ஜனவரி சராசரி நீஸ்ல பிளஸ் 9 பக்கம், விளாடிவோஸ்டாக்ல மைனஸ் 12 பக்கம், ஏன்னா அங்க குளிர்காலக் காத்து சைபீரியாவுல இருந்து கிளம்பி வருது. பிரேசிலோட மனாஸ் கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல உள்ள இருந்தும் புழுங்கித் தள்ளுது. அமேசான் காடே அங்க ஒரு கடல்தான்.

உங்க போன்ல வானிலைச் செயலியைத் திறந்து, கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க, பனிநிலை இருக்கும். அந்த எண்ணை மட்டும் கமென்ட்ல போடுங்க, கடல் எவ்ளோ பக்கம்னு நான் சொல்றேன். தப்பாப் போனா மனாஸ்காரர்னு வெச்சுக்கறேன்.