தவிட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் பொசுபரசு

வணக்கம் உறவுகளே. கொழும்பு மாவட்டத்தில் ஹங்வெல்லைப் பக்கம் இருக்கும் எங்கள் கோழிக் கொட்டிலில் நின்று பேசுகிறேன். இறைச்சிக் கோழித் தீனில் நொதியம், அதாவது தீன் செரிக்க உதவும் என்சைம், கலந்தால் எடை கூடுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் இதைப் பாருங்கள். என் கையில் இருப்பது அரிசித் தவிடு. 2022 பொருளாதார நெருக்கடியில் சோளம் கைக்கு எட்டாமல் போனபோது தவிட்டைத்தான் கூட்டிப் போட்டோம். இதில் எலும்புக்கு வேண்டிய பொசுபரசு என்னும் கனிமம் நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கப் போதிய நொதியம் கோழியின் குடலில் சுரப்பதில்லை. தின்றது எச்சத்தோடு போய்விடும். அதனால் எலும்புக்கென்று நாம் காசு கொடுத்து, பொசுபரசு தரும் டைகல்சியம் பொசுபேற்றுத் தூளை வாங்கிப் போடுகிறோம். பைற்றேஸ் என்னும் நொதியம் அந்தப் பூட்டைத் திறந்து, தவிட்டின் பொசுபரசைக் கோழிக்குக் கிடைக்கச் செய்கிறது.

ஆகவே பழைய கலவையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே பைற்றேஸைத் தூவினால் செலவுதான் கூடும். பொசுபேற்றைக் குறைத்தால்தான் இலாபம். எவ்வளவு குறைப்பது என்பதை நொதியப் பொதியில் உள்ள அளவை வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போடாதீர்கள். கல்சியம் மிஞ்சினால் பைற்றேஸின் வேலை கெடும்.

கோதுமைத் தவிடு சேர்ப்பவர்களுக்கு வேண்டியது சைலனேஸ் என்னும் இன்னொரு நொதியம். கோதுமையின் நார்ப்பொருள் குடலில் பசைபோல் தடிப்பதால் எச்சம் ஒட்டும், தரையில் விரித்த உமி நனையும். இதோ, இந்த மூலையில் உமி கட்டியாகி இருக்கிறது, தெரிகிறதா? இதில் நின்றால் பாதம் புண்ணாகும். எனக்கு எடையைவிட இதுதான் பெரிய கவலை.

இனிக் கலப்பது. இந்த நொதியப் பொதியில் போட்டிருக்கும் அளவு 100 கிலோ தீனுக்கு 10 கிராம். அதை நேரே கொட்டினால் ஒரு குஞ்சுக்கு அதிகம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. முதலில் 1 கிலோ தவிட்டில் கலக்கிறேன். பிறகு 10 கிலோவில். அதன்பின்தான் முழுத் தீனில். போன வருடம் நான் கொதிநீர் ஊற்றித் தீனைப் பிசைந்து கொடுத்தேன். நொதியம் புரதம் அல்லவா, அந்தச் சூட்டில் கெட்டுவிட்டது. ஒரு பொதி முழுவதும் வீண். அந்த வலி இன்னும் இருக்கிறது.

இன்று 14ஆம் நாள். இடப்பக்கக் கூட்டுக்குப் பழைய கலவை. வலப்பக்கத்துக்கு நொதியம் சேர்த்து, பொசுபேற்றைக் குறைத்த கலவை. இரண்டிலும் இருபது இருபது குஞ்சுகளை நிறுத்துக் குறித்துவிட்டேன். 21ஆம் நாள் இதே தராசில் மறுபடி நிறுத்துக் காட்டுகிறேன்.