சாவிக்கு முன்னால் நம்பர்

நேயர்களுக்கு வணக்கம். வண்டி இன்சூரன்ஸில் சர்வேயராக 26 வருடம் வேலை பார்த்தவன் நான். இடித்த வண்டி, கவிழ்ந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கின வண்டி என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனாலும் சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது கார் நொறுங்கிக் கிடந்தால் வயிற்றைப் பிசைந்துவிடும். அதனால் இன்றைக்கு ஒரே விஷயம்தான்: ஷோரூமை விட்டு கார் வெளியே வருகிற அந்த முதல் நாள் அதில் இருக்க வேண்டிய நம்பர்.

திண்டுக்கல் பக்கம் ஒரு குடும்பம். முகூர்த்த நாள் பார்த்து டெலிவரி எடுத்து, நேராகப் பழனிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட, இவர்கள் போய் மோதிவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை, அது பெரிய விஷயம். நான் போய்ப் பார்த்தபோது பானெட்டில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தது, டயர் இடுக்கில் நசுங்கின எலுமிச்சம்பழத் தோல் ஒட்டியிருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாள். மழையில் மை கரைந்து ஏ/எஃப் என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. "நம்பர் என்னங்கய்யா?" என்று கேட்டேன். அந்தப் பெரியவர் பையைத் துழாவி ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டினார். பணம் கட்டின ரசீது இருந்தது, பாலிசி இருந்தது, லோன் பேப்பர் இருந்தது. பதிவு பண்ணின தாள் மட்டும் இல்லை. "நாளைக்கு வந்துடும், நல்ல நேரம் போயிடும், எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க தம்பி" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கிளெய்ம் நிற்கவில்லை.

ஏ/எஃப் என்றால் விண்ணப்பித்திருக்கிறோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். விண்ணப்பித்த வண்டி வேறு, பதிவான வண்டி வேறு. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 39வது பிரிவு, பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவே கூடாது என்கிறது. மீறினால் 192வது பிரிவில் முதல் தடவையே 2,000 ரூபாயிலிருந்து 5,000 வரை அபராதம். பூஜை போட்ட வண்டி, பக்கத்துத் தெருக் கோயில் வரைக்கும்தான் என்பதற்கெல்லாம் அதில் இடம் கிடையாது.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42வது விதியின்படி, தற்காலிகப் பதிவோ நிரந்தரப் பதிவோ இல்லாமல் ஷோரூம்காரர் உங்களிடம் வண்டியை ஒப்படைக்கவே கூடாது. அது அவர்கள் கடமை. நீங்கள் கேட்பது சலுகை இல்லை, நம்பர் எங்கே என்று தைரியமாகக் கேட்கலாம்.

சரி, உள்ளூரில் வாங்கி உள்ளூரிலேயே பதிகிறவர்களுக்கு நிரந்தர நம்பரே வாங்கிவிடலாம். பெங்களூரில் வாங்கி ஓசூரில் பதிகிறவருக்குத்தான் டெம்பரரி நம்பர், அதாவது டி.ஆர்., அவசியமாகிறது. அந்தப் பிளேட்டைப் பார்த்தாலே தெரியும்: மஞ்சளில் சிவப்பு எழுத்து, முதலில் டி, அப்புறம் மாதமும் வருடமும், அப்புறம் மாநிலம். தாளில் அச்சடித்து ஒட்டுவது இப்போது செல்லாது. சிவப்பில் வெள்ளை எழுத்து இருந்தால் அது ஷோரூமுக்கே உரிய நம்பர், அவர்கள் டிரையல் காட்டவும் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வைத்திருப்பது. அதை மாட்டிக்கொண்டு நாம் ஊர் சுற்றக் கூடாது.

டி.ஆர். முன்பெல்லாம் ஒரு மாதம்தான், இப்போது ஆறு மாதம். இந்த ஆறு மாதம்தான் பலரை மறக்க வைக்கிறது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், புது சீரிஸ் திறக்கட்டும், ஆடி போகட்டும் என்று ஃபேன்சி நம்பருக்குக் காத்திருப்பார்கள். காத்திருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் டி.ஆர். தேதி முடிவதற்குள் முடித்துவிடுங்கள். ராஜஸ்தானில் ஒருவர் 2011இல் ஒரு பொலேரோ வாங்கினார். டெம்பரரி பதிவு ஜூலை 19ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 28ஆம் தேதி வேலையாக ஜோத்பூர் போய் விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினார், காலையில் வண்டி இல்லை. பாலிசி உயிரோடு இருந்தது, 6,17,800 ரூபாய்க்கு. நுகர்வோர் கமிஷனில் ஜெயித்தும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லுபடியான பதிவு இல்லாமல் ஓட்டிப்போன வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021இல் தீர்ப்பு. யோசித்துப் பாருங்கள், அவர் யார் மேலும் மோதவில்லை, வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. வெறும் ஒன்பது நாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஹை செக்யூரிட்டி பிளேட்டைப் பற்றியும் எலெக்ட்ரிக் வண்டிகளின் பச்சைப் பிளேட்டைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாவியை வாங்கும் முன்னால் டி.ஆர். தாளையோ நிரந்தரப் பதிவுத் தாளையோ, கூடவே பாலிசியையும் கையில் வாங்கி, இரண்டிலும் இருக்கிற 17 எழுத்து சேஸிஸ் நம்பரை வண்டியில் அடித்திருக்கிற நம்பரோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள், வீட்டில் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லி நீங்கள் சரிபார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாலிசி எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். டி.ஆர். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.