அப்பாவின் வேட்டித் துணியும் பத்து வருஷக் கறுப்பு காரும்

வணக்கம் மக்களே. மணி காலை ஆறே கால். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. எட்டு மணி தாண்டினால் இந்த பானெட் மேல் கை வைக்க முடியாது. கறுப்பு கார். வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. போன வாரம் அப்பா, "இனிமே எனக்கு ஓட்ட முடியல, நீயே வச்சுக்கோ" என்று சாவியைக் கையில் கொடுத்தார். சாவியோடு ஒரு துணியும் வந்தது. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்த துணி. தினமும் காலையில் காபி குடித்த கையோடு இதை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போவார். ஒரு நாள் தவறியதில்லை.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். போன் டார்ச்சை பானெட் மேல் அடிக்கிறேன், பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி தெரிகிறதா? டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். இதெல்லாம் பொடிக் கீறல். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வெயிலும் காக்காவும் செய்ததில்லை இது. நாலாக மடித்த அந்த வேட்டித் துணி செய்தது.

துணி மெத்தென்றுதான் இருக்கிறது, அதைச் சொல்லிக் குற்றமில்லை. தப்பு நடுவில் மாட்டுகிற தூசியில். எங்கள் ஊர்க் காற்றில் மணலும் இருக்கும், உப்பும் இருக்கும். ராத்திரி முழுக்க அது கார் மேல் படிகிறது. காலையில் தண்ணீர் படாமல் அதன் மேல் காய்ந்த துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால், நீங்கள் துடைக்கவில்லை, உப்புத்தாள் போடுகிறீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து காரைத் துடைக்கிறார்களே, அங்கேயும் இதே கதைதான். முதல் காரின் மண் பத்தாவது காருக்குப் போகிறது.

தேய்வது எது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். தகரத்துக்கு மேலே முதலில் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அப்புறம் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நம் ஊர் பெயின்டர்கள் லேக்கர் என்பார்கள். நாலும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 120 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காரின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியை விட மெல்லிய அந்தத் தோலில் இருக்கிறது. சோப்புக் கட்டி மாதிரி அது தேய்ந்துகொண்டே போகும், திரும்ப வளராது. கடையில் பாலீஷ் போடும்போதும் அதைத்தான் கொஞ்சம் சீவி எடுக்கிறார்கள். அதனால் இன்றைக்கு என் வேலை முழுவதும், எவ்வளவு குறைவாகத் தேய்த்து ஒப்பேற்றலாம் என்பதுதான்.

முதலில் கழுவ வேண்டும். தண்ணீர் விஷயத்தில் கவனம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அது கார் மேலேயே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். புள்ளி விழுந்து வெயிலும் பட்டால் கிளியருக்குள் இறங்கிவிடும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரைச் சேர்த்துக் கார் கழுவச் சொல்லி நிறையப் பேர் யோசனை கொடுக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது சரிப்படாது. உப்பையெல்லாம் பிரித்து ஒதுக்கிய தண்ணீர் அது, போர் தண்ணீரை விட மோசம். நான் செய்வது இதுதான். ஏசி வெளியே சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைக்கிறேன். காற்றில் இருந்த ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது, அதில் உப்பு கிடையாது. மற்றக் கழுவலுக்கு எந்தத் தண்ணீரோ இருக்கட்டும், கடைசி அலசல் மட்டும் இதில். ஒரு ராத்திரித் தண்ணீர் ஒரு காருக்குப் போதும்.

கை வைப்பதற்கு முன்னால் ஹோஸில் தண்ணீரை நன்றாக அடித்து மணலை இறக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, அதற்கப்புறம்தான் ஷாம்பில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்து கீழே வாருங்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி கடைசி. வட்டமாகத் தேய்க்க வேண்டாம், நேர்கோட்டில் இழுங்கள். துணி தரையில் விழுந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், அந்தக் கோடு டிக்கியில் இன்னும் இருக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு போடலாமா என்று கேட்பீர்கள். ஒரு தடவை போட்டால் பெயின்ட் ஒன்றும் உரிந்துவிடாது. ஆனால் மேலே இருக்கும் மெழுகைக் கழுவிவிடும். வாராவாரம் வேண்டாம்.

இதோ, வேப்பமரத்துக் காக்காக்கள் ராத்திரியே கையெழுத்துப் போட்டிருக்கின்றன. எச்சத்தைக் காய்ந்த பிறகு சுரண்டவே கூடாது. அதில் பொடிக் கல்லும் விதையும் இருக்கும். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊற விட்டுத் தூக்கி எடுங்கள், தேய்க்காமல். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் இளகி, மறுபடி குளிரும்போது எச்சத்தோடு ஒட்டிச் சுருங்கும். அந்தத் தழும்பு கழுவினால் போகாது.

கழுவிக் காய்ந்த பிறகு ஒரு சோதனை. மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டி, பானெட் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாக இருந்த இடம் இப்போது நறநறவென்று இருக்கும். தார், இரும்புத் தூள், மரப் பிசின் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குக் களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள், க்ளே பார் என்று. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து தட்டி, ஷாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே லேசாக ஓட்ட வேண்டும். அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கத்தை எடுங்கள். கீழே விழுந்தால் தூரப் போடுங்கள்.

அடுத்தது பாலீஷ். முதலிலேயே காட்டமான ரப்பிங் காம்பவுண்டை எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கிறதிலேயே மென்மையான பாலீஷை வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி வலை மறைந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். மீதிக் கால்வாசியை டார்ச் அடித்துப் பார்ப்பவனைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். என் முந்தைய காரில் எல்லாக் கீறலையும் எடுத்தே தீருவேன் என்று மெஷினை வைத்து அழுத்தினேன். ஃபெண்டர், அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு, அதன் மடிப்பில் கிளியர் போய்விட்டது. துணியில் சிவப்பாகக் கலர் வந்த பிறகுதான் தெரிந்தது. விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு மெல்லிசாக இருக்கும், மெஷினின் அழுத்தமும் அங்கேதான் கூடும். அதனால் இப்போது மடிப்பு மேலெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சரி, நிறையப் பேர் காத்திருக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இடது பக்கப் பின் கதவு, கேட் கொக்கி இழுத்த கோடு. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் அது கிளியரோடு நின்ற கீறல், பாலீஷிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். இங்கே நகம் மாட்டுகிறது. உள்ளே வெளிர் சாம்பலாகத் தெரிவது பிரைமர். தகரம் இன்னும் தெரியவில்லை, பிழைத்தோம்.

டச் அப் பெயின்ட் வாங்கும்போது கறுப்புதானே என்று கேட்டு வாங்காதீர்கள். கறுப்பிலேயே எத்தனையோ கறுப்பு. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கலரின் குறியீடு இருக்கும், அதைச் சொல்லிக் கேளுங்கள். கதவில் இருக்கும் கீறலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கியாயிற்று. பாட்டிலோடு வரும் பிரஷ் இந்த வேலைக்கு ரொம்பத் தடி. நான் பல்குத்தும் குச்சியை எடுத்துக்கொள்கிறேன். நுனியில் ஒரு துளி. கோட்டின் ஒரு முனையில் தொட்டால், பார்த்தீர்களா, பெயின்ட் தானாகவே பள்ளத்துக்குள் ஓடுகிறது. பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பப் பார்க்காதீர்கள். மெல்லிசாக ஒன்று, அரை மணி நேரம் கழித்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. காயக் காய உள்ளே அமுங்கும். கலர் காய்ந்ததும் அதே மாதிரி கிளியர், சுற்றியுள்ள மட்டத்தை விட முடியளவு உயரமாக நிற்கும்படி.

அதற்கப்புறம் ஒரு வாரம் தொடவே கூடாது. ஒரு வாரம் கழித்து 2500 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாளை, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, மேட்டை மட்டும் மட்டப்படுத்த வேண்டும். பிறகு பாலீஷ். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டப் போய்த் தேடினால் தெரியும். டிங்கரிங் கடையில் கதவு முழுவதும் பெயின்ட் அடிக்கச் சொன்னால் கம்பெனிப் பெயின்ட் போய்விடும், பக்கத்துக் கதவோடு நிறமும் லேசாக மாறுபடலாம். ஒரு கோட்டுக்காக நான் அதைச் செய்ய மாட்டேன்.

இதோ, கதவின் அடி விளிம்பில் குண்டூசித் தலையளவுக்குப் பழுப்பு. துரு. இதன் மேல் நேராகப் பெயின்ட் வைத்தால் உள்ளேயே பரவி ஆறு மாதத்தில் கொப்புளமாக எழும்பும். பழுப்பு போகும் வரை சுரண்டி, துரு மாற்றும் திரவத்தைத் தொட்டு வைத்து, அது கறுத்துக் காய்ந்ததும் பிரைமர், பிறகு கலர். துரு ஏன் இங்கே வந்தது? கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. மண் அடைத்துவிட்டது. ஒரு ஈர்க்குச்சி போதும், குத்திவிடுங்கள். பார்த்தீர்களா, சேறாக வருகிறது. ஐப்பசி மழை வருவதற்குள் நாலு கதவிலும் செய்துவிடுங்கள். உப்புக்காற்று ஊரில் ஐயாயிரம் ரூபாய்க் கோட்டிங்கை விட இந்த ஈர்க்குச்சிக்கு மதிப்பு அதிகம்.

கோட்டிங் என்றதும் நினைவு வருகிறது. செராமிக்கில் 9எச் என்று போட்டிருப்பதைப் பார்த்து வைரம் மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். தண்ணீர் நிற்காது, கழுவ லேசாக இருக்கும், அதெல்லாம் உண்மை. கேட் கொக்கியைத் தடுக்காது. நான் போடுவது சாதாரண சீலன்ட், மெழுகு மாதிரி தடவும் செயற்கைப் பூச்சு, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை. கார்னூபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது, கறுப்பு காருக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் வெயிலில் சீக்கிரமே போய்விடும்.

இந்தக் கறுப்பு பிளாஸ்டிக், பம்பருக்கு அடியிலும் வைப்பருக்குக் கீழேயும் இருப்பது, வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. இதற்குப் பெயின்டும் இல்லை கிளியரும் இல்லை, வெயில் நேராக உறைக்கிறது. அப்பா தேங்காய் எண்ணெய் தடவுவார். ஒரு நாள் ஜம்மென்று இருக்கும், மறுநாள் தெருத் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும். ஹீட் கன் வைத்துச் சூடாக்கினால் கறுப்பு திரும்பும், சில மாதம் நிற்கும். ஒரே இடத்தில் ஒரு விநாடி அதிகமாக நின்றால் பிளாஸ்டிக் உருகும், பக்கத்துப் பெயின்டும் போகும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பழைய டூத்பிரஷ்ஷும் ஷாம்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் காய வைத்து, தண்ணீரில் கலந்து வரும் டிரிம் டிரெஸ்ஸிங்கை, இந்த மாதிரி பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பூச்சை, மெல்லிசாகத் தடவுகிறேன். எண்ணெய் மாதிரி பளபளக்கும் வகை வேண்டாம்.

கதவு ரப்பருக்கு சிலிகான் கிரீஸ். வாசலின் போடாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பும். ஹெட்லைட் மஞ்சளுக்கு டூத்பேஸ்ட் வைத்தியம் வேலை செய்கிறது, பொய்யில்லை. ஆனால் வெயிலைத் தடுக்கும் மேல்பூச்சு போனதால்தான் மஞ்சளே வந்தது. புதிதாக யூவி கிளியர் அடிக்காவிட்டால் திரும்பவும் மஞ்சளாகும். அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.

பானெட் பாதி முடிந்தது. டேப்புக்கு இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் சிலந்தி வலை. வெயில் கூரை வரைக்கும் வந்துவிட்டது, மீதி அடுத்த ஞாயிறு. கதவுக் கோட்டில் வாட்டர் பேப்பர் போடுவதையும் அன்றைக்கே காட்டுகிறேன். வேட்டித் துணியை டயர் துடைக்க ஒதுக்கிவிட்டு, அப்பாவுக்குப் புது மைக்ரோஃபைபர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஈரமாகத்தான் துடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மடித்து மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை.