மேலே வந்தபின் 30 விநாடி

[காட்சி: திருவையாறு, புஷ்ய மண்டபப் படித்துறை. ஆடி மாதத்துப் பழுப்புத் தண்ணீர். நான்கு பையன்கள் மூழ்கி மூழ்கி எழுகிறார்கள்.]

வணக்கம். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் இந்தப் பையன்களுக்குச் சாயங்காலம் முழுக்க இங்கேதான். விளையாட்டு என்னவென்றால் முங்கு நீச்சல். யார் அதிக நேரம் உள்ளே கிடப்பது என்று போட்டி. ஜெயித்த சிவப்பு டவுசர்க்காரனிடம், "எப்படித் தம்பி இவ்வளவு நேரம் தம் கட்டுறே?" என்று கேட்டேன்.

"ஈஸிண்ணே. முங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா பத்து தடவ மூச்ச இழுத்து இழுத்து விடணும். அப்புறம் முட்டவே முட்டாது."

முட்டாது என்பது வாஸ்தவம்தான். அதில்தான் வில்லங்கமே.

[காட்சி: நுரையீரல், ரத்தக் குழாய் வரைபடம்]

நமக்கு மூச்சு முட்டுவது கார்பன் டை ஆக்சைடு உடம்பில் சேர்வதால். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் நமக்குச் சொல்லாது. வேகவேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும். ஆக்சிஜன் மட்டும் பெரிதாக ஏறாது. ரத்தத்தில் அது ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தானே இருக்கிறது. களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்த மாதிரி. நெல் போய்க்கொண்டே இருக்கும், சத்தம் போட ஆள் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏறும் ஃப்ரீடைவிங்கைக் கற்றுக்கொள்ள நம் பக்கத்துப் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். டெல்டாவில் அதற்கு வசதியான கடல் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் கலங்கல். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் விரிகுடாவில் பெரும்பாலும் 15 மீட்டர் ஆழம்கூட இருக்காது. ஆகவே வெளியூர்தான். ஊர் தெரியாத இடத்தில், முன்பின் தெரியாத ஆசிரியரிடம் உங்கள் மூச்சை ஒப்படைக்கப் போகிறீர்கள். அந்தப் பள்ளி தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் கேட்பது, "எத்தனை மீட்டர் இறக்குவீங்க?" என்றுதான். உருப்படியான எந்த அமைப்பும் முதல் நிலைப் பயிற்சியில் 20 மீட்டருக்கு மேல் விடுவதில்லை. அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

[காட்சி: கடலில் மிதவை, அதிலிருந்து தொங்கும் கயிறு. பக்கத்தில் 0, 10, 20 என்று ஆழம்.]

இந்தக் கயிற்றைப் பாருங்கள். 10 மீட்டரில் அழுத்தம் 2 மடங்கு, 20 மீட்டரில் 3 மடங்கு. அந்த நெருக்கத்தில் நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் போய்விடுவதால் கீழே தெம்பாகவே இருக்கும். திரும்பி வரும்போது, கடைசி 10 மீட்டரில் அழுத்தம் பாதியாகிறது. ரத்தத்துக்குப் போகிற ஆக்சிஜன் திடீரென்று விழுகிறது. நினைவு தப்புவது பெரும்பாலும் இங்கே, இல்லையென்றால் தலை வெளியே வந்த பிறகு. ஒரு மூச்சு இழுத்துவிட்டுக்கூட மயங்கலாம், ஏனென்றால் இழுத்த காற்று மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடி பிடிக்கும்.

அதனால்தான் மேலே வந்தவரைக் குறைந்தது 30 விநாடி கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே. இதில் விதிவிலக்கே கிடையாது.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். என்னோடு வந்த ஒருவர் மேலே வந்து கட்டை விரலைக் காட்டினார். ஆசிரியர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி கழித்து இவர் உதடு நீலமாகிறது, தலை கோயில் மாடு மாதிரி ஆடுகிறது, வாய் தண்ணீருக்குள் போகிறது. பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்தான் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். போனில் அவ்வளவும் பதிவாகியிருந்தது.

இரண்டாவது இடத்தில் முதல் நாள் ஆழமே கிடையாது. நீச்சல் குளத்தில் ஒருவர் மயங்கினதாக நடிக்க வேண்டும், மற்றவர் காப்பாற்ற வேண்டும். வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே, முகக் கண்ணாடியைக் கழற்று, கண்ணுக்குக் கீழே ஊது, கன்னத்தில் தட்டு, பேரைச் சொல்லி "மூச்சு விடு" என்று கூப்பிடு. இதையே இருபது முறையாவது செய்ய வைத்தார் அங்கிருந்த ஆசிரியர். எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது.

மலைப்பக்கம் தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவர் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்பார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதல்லவா, விடமாட்டான். கடலுக்கு மச்சானைக் கூட்டிப்போக முடியாது. பக்கத்தில் இருக்கிற மாணவரை மச்சானாக்கித் தருவதுதான் பள்ளியின் வேலை.

[காட்சி: மணிக்கட்டிலிருந்து கயிற்றுக்குப் போகும் இணைப்பு வார்]

இந்த வார் இல்லாமல் ஆழத்துக்கு விடுகிற இடத்தில் நிற்காதீர்கள். ரஷ்யாவின் நடாலியா மோல்ச்சனோவா ஃப்ரீடைவிங்கில் 41 உலக சாதனை படைத்தவர். அசையாமல் 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கியவர். 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் ஃபொர்மென்தெரா தீவுக்கருகே பாடம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில், வார் இல்லாமல் இறங்கினார். மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருக்கே அப்படி என்றால் முங்கு நீச்சல் சாம்பியன்கள் யோசித்துக்கொள்ளலாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு பற்றிக் கேட்கும் மருத்துவப் படிவத்தை வாங்காமல் பணத்தை மட்டும் வாங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். இடுப்பில் கட்டும் எடைக்கட்டிகள் சரியா என்று ஆசிரியர் தண்ணீரில் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் மூச்சை வெளியே விட்ட பிறகும் நீங்கள் மிதக்க வேண்டும். 2, 3 மீட்டரிலேயே காது வலித்தால் மேலே வா என்பவர் நல்ல ஆசிரியர். "கொஞ்சம் தாங்கிக்கோ" என்பவரிடம் செவிப்பறையைக் கொடுத்துவிடாதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு லீவு.

[காட்சி: மறுபடி படித்துறை. இருட்டத் தொடங்குகிறது.]

இந்த வீடியோவுக்காகப் போன வாரம் ஓரிடத்துக்குப் போன் போட்டேன். கட்டணம் சொன்னார், சாப்பாடு சொன்னார், ட்ரோன் வீடியோ இலவசம் என்றார். "சார், நான் மேலே வந்த பிறகு எவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மேல வந்துட்டீங்கன்னா அப்புறம் என்ன சார்?"