நீலகிரி நெட்டைக்காலி: மரமில்லாத மலையில் வாழும் பறவை

[காட்சி: முக்கூர்த்தி பக்கத்துப் புல்வெளி, காலை வெயில். பின்னணியில் காற்றுச் சத்தம் மட்டும்.]

வணக்கம். இப்போது திரையில் தெரியும் புல்வெளியில் ஒரு பறவை நிற்கிறது. வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடிப் பாருங்கள்.

[சில நொடிகள் அமைதி. பிறகு பறவையைச் சுற்றி வட்டம்.]

அதோ, பாறைக்கு இடப்பக்கம், புல் தூர்களுக்கு நடுவே. இதுதான் நீலகிரி நெட்டைக்காலி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் 17 செ.மீ. பழுப்பு உடம்பு, அதன்மேல் கருங்கோடுகள். காய்ந்த புல்லின் நிறமும் நிழலும் அப்படியே உடம்பில் இருப்பதால், அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தட்டுப்படாது.

உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, கேரளப் பக்கத்து உயர்ந்த முகடுகள், அவ்வளவுதான். அதிலும் பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிகளில்தான் வாழ்கிறது.

சரி, மலைக்குப் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது? தோட்டத்து ஓரத்திலும் வெட்டவெளியிலும் நாம் வழக்கமாகப் பார்ப்பது வயல் நெட்டைக்காலி. ஒல்லியான உடம்பு, நீண்ட கால், நிமிர்ந்த நிற்பு. அதற்கு நெஞ்சில் கொஞ்சம் கோடுகள் இருக்கும், விலாப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். நீலகிரி நெட்டைக்காலிக்கு நெஞ்சில் தொடங்கும் கோடுகள் விலா வரை இறங்கும். நிறமும் அடர்த்தி. அதனால் முதலில் விலாவைப் பாருங்கள். இன்னொரு பழக்கமும் உதவும். ஆள் நெருங்கினால் பக்கத்தில் இருக்கும் குட்டை மரத்திலோ புதரிலோ போய் உட்காரும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சில நெட்டைக்காலிகளும் இப்படி மரமேறும், விலாவில் கோடும் இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

[காட்சி: கேமரா தரைமட்டத்தில். பறவை நடந்து இரை தேடுகிறது.]

இது தத்தித் தத்திப் போவதில்லை, நடக்கிறது. நாலடி வைக்கும், நிற்கும், புல்லடியில் ஒரு பூச்சியைக் கொத்தும், மறுபடி நடக்கும். புல் விதையும் தின்னும். கூடும் தரையில்தான். ஒரு புல் தூர் சாய்ந்து கூரை போட்ட மாதிரி இருக்குமே, அதன் அடியில் புல்லாலேயே சின்னக் கிண்ணம் ஒன்றைக் கட்டி, இரண்டு மூன்று முட்டை இடும். மேலிருந்து பார்த்தால் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. நம் கால் ஓரடி தள்ளிப் பட்டால் போதும், கூடு போய்விடும்.

[காட்சி: ஒரு பக்கம் புல்வெளி, மறு பக்கம் சீகைத் தோப்பு.]

இந்தப் பறவையின் துயரம் இங்கேதான் தொடங்குகிறது. மரமில்லாத மலையைப் பார்த்ததும், இங்கே மரம் நடலாமே என்று நல்ல மனதோடுதான் நினைக்கிறோம். ஆங்கிலேயர் காலத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் எல்லாம் வெளியிலிருந்து வந்தன. சீகைப் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டதால், சுதந்திரத்துக்குப் பிறகும் தோப்புகள் பெருகின. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. அந்த இடத்தைத் தோப்புகளும் விவசாயமும் பிடித்துக்கொண்டன. கொடைக்கானலில் பைன் மரங்களுக்கு நடுவே நின்று நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே தரையில் ஊசியிலைதான் கிடக்கிறது. இந்தப் பறவைக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். புல் விட்டுப்போகும் கார்பனும் மரம் விட்டுப்போகும் கார்பனும் வேறு வேறு. அதை வைத்துப் பார்த்தால், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. பள்ளங்களில் சோலை, மேட்டில் புல், இதுதான் இந்த மலையின் இயல்பு. உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, புல் மறுபடி துளிர்க்கிறது. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்ததும் இந்தப் புல்லில்தான்.

பருவநிலை மாறி வெப்பம் கூடினால் மற்ற பறவைகள் இன்னும் மேலே போகலாம். ஏற்கெனவே உச்சியில் இருக்கிற இது எங்கே போகும்?

புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. ஆனால் சீகையை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து, வெளிச்சம் பட்டதும் முளைக்கும். நாற்றுகளை வருடா வருடம் பிடுங்க வேண்டும், மலையின் சொந்தப் புல்லை வளர்த்து நட வேண்டும். பொறுமையான வேலை. இதைச் செய்கிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம் ஒன்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை இது கூடு கட்டும் காலம். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் வனத்துறை அனுமதியோடு போகிறவர்கள் பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். பறவையைப் பார்த்தால் விலா தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, இடம், தேதியோடு பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றுங்கள்.