போர் நினைவிடத்தில் பிள்ளைக்கு ஒரு பெயர் போதும்

[காட்சி: நோட்டுப் புத்தகத்தில் ஒரே வரி: "வீரர்களின் தியாகத்தை என்றும் மறக்கமாட்டேன்."]

போர் நினைவிடம் போய் வந்த பிள்ளையை எழுதச் சொன்னால் பெரும்பாலும் இந்த வரிதான் வரும். பிள்ளைமேல் தப்பில்லை. சுவர் முழுக்கப் பெயர்களைக் காட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் "என்ன தோணுச்சு?" என்று கேட்டால் வேறு என்ன வரும்?

பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்து மெனின் வாயில் என்ற நினைவு வளைவில், முதல் உலகப் போரில் இறந்து, கல்லறை எங்கே என்றே தெரியாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்கு 2 நொடி வைத்தாலும் படித்து முடிக்க 30 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும். அப்புறம் ஒரே ஒரு பெயரைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்குகிறது என்பதே போதுமான காரணம்.

[காட்சி: ஒற்றைக் கல்லறைக் கல். கேமரா மேலிருந்து கீழே மெதுவாக இறங்குகிறது.]

உலகப் போர்களில் இறந்தவர்களுக்கான காமன்வெல்த் கல்லறைத் தோட்டம் என்றால் வேலை சுலபம். வழக்கமான கல் சுமார் 81 செ.மீ உயரம், 38 செ.மீ அகலம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. மேலே படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது. வயது இல்லாத கற்களும் உண்டு. பெரும்பாலும் குடும்பத்திடமிருந்து அந்த விவரம் வந்து சேர்ந்திருக்காது. வயது 19 என்றிருந்தால், "உன்னைவிட எத்தனை வயசு பெரியவர்?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனத்தை நம் விளக்கத்தால் நிரப்புவதுதான் பெரியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

"இவர் யாரையாவது சுட்டாரா?", "எதிர்ப்பக்கம் செத்தவங்க பேர் எங்க?" என்று பிள்ளை கேட்கலாம். அதட்டாதீர்கள். எல்லாவற்றையும்விட மதிப்பான கேள்விகள் இவை. பதில் தெரியாவிட்டாலும், கேள்வியை அதே சொற்களில் அங்கேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீடு வந்து சேர்வதற்குள் அது பாடப்புத்தக நடைக்கு மாறிவிடும்.

பெயர், வயது, ஒரு கேள்வி, கண்ணில் பட்ட ஒரு பொருள்: நான்கு குறிப்பு போதும். காய்ந்த பூ, பாசி படர்ந்த எழுத்து, எதுவானாலும் சரி. கல்லில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்க ஆசைப்பட்டால், முதலில் அனுமதி கேளுங்கள்.

[காட்சி: கல்லின் அடிப்பகுதி.]

எழுதும் வேலையை மறுநாளுக்கு வையுங்கள். முதல் வரி எழுதக் கல்லின் இந்த அடிப்பகுதி உதவும். முதல் உலகப் போர்க் கற்களின் அடியில், குடும்பத்தார் தங்கள் சொந்த வரி ஒன்றைப் பொறிக்க இடம் இருந்தது. இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துகள்தான். அதே 66 கட்டங்களைப் பிள்ளைக்கு வரைந்து கொடுங்கள். "இவர் உங்க அண்ணனா இருந்தா, இங்க என்ன எழுதுவ?"

முதலில் எழுதியது கட்டத்துக்குள் அடங்காது. அடித்து அடித்து எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் அன்றைக்குத் திருத்த வேண்டாம்.