வளைவில் எண்ணெய் எங்கே போகிறது: பந்தயக் காருக்கு ஆயில் சேம்பர் தேர்ந்தெடுப்பது

வணக்கம் நண்பர்களே. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துப் பட்டறையிலிருந்து பேசுகிறேன். பின்னணியில் இரைவது கணவாய்க் காற்று. ஷட்டரை இறக்கினால் வெளிச்சம் போய்விடும் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு அங்கே ஓட்டப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரை எத்தனை லிட்டர் பிடிக்கும்படி வாங்கலாம் என்பதுதான். லிட்டர் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, வளைவு முடியும்வரை, பம்புக்காக எண்ணெயை உறிஞ்சும் வலைமுனையான ஸ்ட்ரெய்னரின் வாய் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்குமா என்பதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் பதில் சொல்கிறேன்.

இதோ மேசைமேல் இருக்கும் இந்தச் சேம்பரைப் பாருங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, இதை 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட நேரான பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். இதில் 3 லிட்டர் எண்ணெய் ஊற்றினால் 5 செ.மீ. ஆழம் நிற்கும். ஸ்ட்ரெய்னர் சரியாக நடுவில், அதாவது இருபுறச் சுவர்களிலிருந்தும் 15 செ.மீ. தள்ளி, தரையை ஒட்டி இருக்கிறது. முன்சக்கர இழுவைக் கார்களில் எஞ்சின் குறுக்காகக் கிடப்பதால், வளைவில் திரும்பும்போது எண்ணெய் இந்த நீளவாக்கில்தான் ஓடும். பிரேக் பிடித்தால் அகலவாக்கில் ஓடும். மாருதி ஜிப்சி போல எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்த வண்டிகளில் இது அப்படியே தலைகீழ்.

வளைவின் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது, அதாவது 1 ஜி வரும்போது, எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். 3 லிட்டரும் வளைவின் வெளிப்புறச் சுவரில் முக்கோணமாக ஏறிக்கொள்ள, தரையில் அந்தச் சுவரிலிருந்து சுமார் 17 செ.மீ. தூரம் மட்டுமே நனைந்திருக்கும். மீதி 13 செ.மீ. வெறும் தகரம். ஸ்ட்ரெய்னர் 15 செ.மீ.யில் இருப்பதால் அதன் தலைக்கு மேல் 2 செ.மீ. சொச்சம் எண்ணெய் உண்டு, மயிரிழையில் தப்பித்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் 3 லிட்டரும் கீழே இருப்பதில்லை. உயர் சுழற்சியில் ஒரு பங்கு சிலிண்டர் ஹெட்டில் தேங்கி நிற்கும், ஒரு பங்கு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைச் சுற்றித் தூறலாகப் பறந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு லிட்டர் மேலே மாட்டிக்கொண்டு 2 லிட்டர் மட்டும் கீழே இருந்தால், நனைந்த தூரம் 14 செ.மீ.யாகக் குறையும். ஸ்ட்ரெய்னர் அப்போது காற்றைத்தான் உறிஞ்சும்.

காற்று புகுந்தால் பம்பு அழுத்தம் சரிகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் உடைகிறது. கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் போகும். பிறகு கனெக்டிங் ராடின் தட்டல் சத்தம், அதன் பிறகு லேத்துக்காரரிடம் கிராங்க் கிரைண்டிங். போர்ஷே 944 காரின் இரண்டாவது ராடு பேரிங் இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் பெயர் வாங்கியது. லோட்டஸ் எலீஸில் வந்த டொயோட்டா 2ZZ-GE எஞ்சினுக்கும், பிடிமானம் கூடிய டயர் போட்டு டிராக்கில் ஓட்டுகிறவர்கள் தடுப்புள்ள சேம்பர் மாட்டுவது வழக்கம். ஆகையால் நம்முடைய சின்ன எஞ்சினுக்கு மட்டும் வந்த சாபம் இது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது பலரும் ஆசைப்படும் இறக்கை வைத்த சேம்பருக்கு வருகிறேன். இருபுறமும் 5 செ.மீ. நீட்டி, 40 செ.மீ. ஆக்கிய சேம்பர் என்று கொள்ளுங்கள். அதே 5 செ.மீ. ஆழத்துக்கு இப்போது 4 லிட்டர் பிடிக்கும். கடைக்காரர் ஒரு லிட்டர் கூடுதல் என்று சொல்லி விற்பார். ஆனால் ஸ்ட்ரெய்னரிலிருந்து சுவர் 20 செ.மீ. தூரத்துக்குப் போய்விட்டது. அந்த 4 லிட்டரும் 45 பாகையில் சாய்ந்தால் நனையும் தூரமும் சரியாக 20 செ.மீ.தான், ஸ்ட்ரெய்னரின் வாய் எண்ணெயின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய சேம்பரில் 3 லிட்டரோடு மிஞ்சியிருந்த 2 செ.மீ. பாதுகாப்பு, காசு கொடுத்து வாங்கிய புதியதில் இல்லை. எண்ணெய் ஓடுவதற்கு இடம் கொடுத்துவிட்டு, அது ஓடாமல் நிற்க எதுவும் செய்யவில்லை என்றால் இறக்கை கெடுதலே செய்யும். கதவுகள் இல்லாத இறக்கைச் சேம்பரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கதவுகள் என்றால் இவை. ஸ்ட்ரெய்னரைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு வைத்து ஒரு சிறு அறை கட்டி, அந்தத் தகடுகளில் உள்பக்கமாக மட்டும் திறக்கும் கீல் கதவுகளைப் பொருத்த வேண்டும். வளைவின் உட்புறத்திலிருந்து பாய்ந்து வரும் எண்ணெய் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் நுழையும். வெளிப்புறக் கதவு தானாகச் சாத்திக்கொள்வதால், உள்ளே வந்தது வெளியே போக வழியில்லை. அறை 12 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. உயரமும் இருந்தால் ஏறக்குறைய 1.15 லிட்டர் கொள்ளும். பம்பு நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், எதுவும் திரும்பி வராவிட்டாலும் இரண்டு விநாடிக்கு மேல் தாங்கும். மேலிருந்து வடிவதும் சேர்ந்துகொண்டால் இன்னும் நீளும். ஆனால் அறைக்கு மேல்மூடி கட்டாயம் வேண்டும். மூடியில்லாத அறையில் எண்ணெய் சுவரேறி மேல்வழியாகக் குதித்துவிடும்; கதவு வைத்தும் அழுத்தம் விழுகிறது என்று கொண்டுவரப்படும் சேம்பர்களைத் திறந்தால் பெரும்பாலும் இந்த மூடிதான் இருக்காது.

வாங்கும்போது கீலின் ஊசியைப் பாருங்கள். அது இரு முனையிலும் வெல்டு செய்யப்பட்டிருக்க வேண்டும். கழன்று விழுந்தால் எண்ணெய்க்குள் சுற்றும் இரும்புத் துண்டாகிவிடும். கதவு தன் எடையாலேயே தொங்கி மூட வேண்டும், கையால் தள்ளிப் பார்த்தால் எங்கும் உரசக் கூடாது. ஸ்ட்ரெய்னருக்கும் தரைக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி போதும், அதற்குக் கீழே போனால் உறிஞ்ச முடியாமல் திணறும், மேலே போனால் கடைசி எண்ணெய் வீணாகத் தரையில் கிடக்கும். களிமண் உருண்டையை ஸ்ட்ரெய்னரின் அடியில் ஒட்டிச் சேம்பரை ஒருமுறை மாட்டிக் கழற்றினால் இடைவெளி தெரிந்துவிடும். அளந்த பிறகு களிமண்ணைத் துளியும் விடாமல் துடைத்துவிடுங்கள்.

மோட்டார்சைக்கிள் எஞ்சினில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று சித்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பைக் வளைவில் சாய்ந்துவிடுவதால் மொத்த விசையும் எஞ்சினின் நேர் கீழ்நோக்கியே விழுகிறது. பால் தூக்குவாளியை வீசிக்கொண்டு நடந்தாலும் பால் சிந்தாததற்கும் இதுவே காரணம். அதே எஞ்சினைச் சாயாத நான்கு சக்கர வண்டியில் வைத்தால் கதை மாறிவிடும். பார்முலா பாரத் போட்டிக்காக கேடிஎம் 390 எஞ்சினைக் காரில் வைக்கும் கல்லூரி மாணவர்கள் சேம்பருக்காக மெனக்கெட வேண்டியிருப்பது அதனால்தான்.

எதை வாங்குவது என்பதை உங்கள் டயரே சொல்லும். சாதாரணச் சாலை டயரில் நல்ல கார் 0.8, 0.9 ஜி வரை போகும்; அதற்குக் கம்பெனிச் சேம்பருக்குள்ளேயே கதவும் மூடியும் உள்ள அறையை வெல்டு செய்துகொள்வது போதும், செலவும் குறைவு. சாலை டயருக்கும் பந்தய டயருக்கும் இடைப்பட்ட செமி ஸ்லிக் போட்டு 1 ஜியைத் தாண்டுகிறவர்களுக்கு, கதவோடு கூடிய இறக்கைச் சேம்பரும் கிராங்கின் சுழற்சி கீழே நிற்கும் எண்ணெயைக் கிளறாமல் தடுக்க அதற்குக் கீழே ஒரு தகடும் (windage tray) நியாயமான செலவு. வரிப்பள்ளம் இல்லாத பந்தய ஸ்லிக் டயரும், காரைக் காற்றால் கீழே அழுத்தும் பெரிய விங்கும் வைத்து நீண்ட வளைவுகளில் ஓட்டுகிறவர்கள் டிரை சம்ப் பற்றி யோசிக்கலாம். சேம்பரில் தேங்க விடாமல் தனிப் பம்புகளால் எண்ணெயை உறிஞ்சி வெளித்தொட்டியில் சேர்க்கும் அந்த அமைப்பின் விலையைக் கேட்டால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி ஓட்டுவது தற்காலிக உதவியே. அதற்கும் மேலே போனால் கிராங்க் எண்ணெயில் அடித்து நுரை கட்டும். நுரையை உறிஞ்சுவதும் காற்றை உறிஞ்சுவதும் பேரிங்குக்கு ஒன்றுதான்.

இரும்புத் தகரமா அலுமினியமா என்றால், நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்டித்தான் டிராக்குக்குப் போக வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தகரம் அடிபட்டால் நசுங்கும், அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம் என்றாலும், தரை மேலே எழும்பி ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பாதீர்கள். புதிய எஞ்சின்கள் பலவற்றில் வார்ப்புச் சேம்பரே கியர் பாக்ஸின் சில போல்ட்டுகளையும் தாங்கி நிற்கும். அதை எடுத்துவிட்டு மெல்லிய தகரம் மாட்டினால் அந்த இறுக்கம் போய்விடும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு உள்ளே தடுப்பு வைப்பதே நல்லது.

வெல்டிங்குக்குக் கொடுக்கும்போது சேம்பரின் விளிம்பை ஒரு பழைய எஞ்சின் பிளாக்கிலோ தடித்த தகட்டிலோ எல்லாப் போல்ட்டும் போட்டு இறுக்கிவிட்டுத்தான் பற்றவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சூட்டில் விளிம்பு வளைந்துவிடும், பிறகு எத்தனை டியூப் சிலிக்கான் தடவினாலும் கசியும். வெல்டு ஆறியதும் தையலின் வெளிப்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் சாக்பீஸ் நனைந்து காட்டிக்கொடுக்கும். கொள்ளளவு மாறியிருந்தால் பழைய டிப்ஸ்டிக் கோடுகளை நம்பாமல், அளந்து ஊற்றி ஆழத்தைப் பார்த்துப் புதிய கோடு போட வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு ஆயில் பிரஷர் கேஜ் வாங்குங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு பொதுவாக அரை பார் (சுமார் 7 பி.எஸ்.ஐ.) அழுத்தத்துக்கும் கீழே போனால்தான் எரியும். 6000 சுழற்சியில் அது எரிவதற்குள் பேரிங்கின் வேலை முடிந்திருக்கும். ஆயிரம் சுழற்சிக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு. அதன்படி 6000 சுழற்சியில் 60 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். 25 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனதும் விளக்கை எரியவைக்கும் தனி ஸ்விட்சும் கண்ணில் படும் இடத்தில் பெரிய விளக்கும் வைத்துக்கொண்டு, முதலில் கம்பெனிச் சேம்பரோடு சில சுற்றுகள் மிதமாக ஓட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் அது எரிந்தால் பதற வேண்டாம். வலப்புற வளைவில் மட்டும் எரிகிறதா, இடப்புறத்தில் மட்டுமா, பிரேக் பிடிக்கும்போதா என்று குறித்துக்கொண்டு வந்தால், தடுப்பை எந்தப் பக்கம் பலமாக வைப்பது என்று பட்டறையில் ஊகம் செய்ய வேண்டியிருக்காது. வேகமாக ஓட்டிய முதல் நாளின் முடிவில் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள்கள் மின்னினால், அடுத்த சுற்றுக்குப் போகாமல் சேம்பரைக் கழற்றி பேரிங் கேப்புகளைத் திறந்துவிடுங்கள்.